நுட்பம் ஒருவரிடம், நிறுவனம் மற்றொருவரிடம்: தாமிரபரணிக் கரையின் தொழில் வரலாறு

புதிய பொருள் ஒன்றைக் கண்டுபிடிப்பது ஓர் ஆற்றல். அதை நிலைத்த நிறுவனமாக வளர்ப்பது வேறோர் ஆற்றல். இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் அமைவது அரிது. கண்டுபிடித்தவரின் பெயரை நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கின்றனர். அவருக்கு முதல் கொடுத்தவர் யார், பொருளுக்கு விலை வகுத்தவர் யார், வாங்குவோரைத் தேடிச் சென்றவர் யார் என்பவற்றை நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. தாமிரபரணியும் சிற்றாறும் கலக்கும் சீவலப்பேரியில் வாழும் நமக்கு இவ்வரலாற்றைக் கற்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆற்றின் மேற்கே பாபநாசம், இடையில் பத்தமடை, கிழக்கே கடலோரத்தில் தூத்துக்குடி ஆகிய மூன்று ஊர்களும் அதற்குப் போதுமான சான்றுகளை வைத்திருக்கின்றன.

முதலில் உலகறிந்த ஒரு செய்தியை நினைவுகூர்வோம். நீராவி எந்திரம் என்றவுடன் ஜேம்ஸ் வாட்டின் பெயரே நம் நாவில் வரும். அவருக்கு முன்பே நியூகோமன் என்பவரின் எந்திரம் சுரங்கங்களில் நீர் இறைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அது நிலக்கரியை வாரி விழுங்கியது. நீராவியைத் தனிக் கலத்தில் குளிரவைத்தால் எரிபொருள் மிச்சமாகும் என்று வாட் 1765-இல் கண்டறிந்தார். 1769-இல் காப்புரிமையும் பெற்றார். எனினும் அவருக்குத் துணைநின்று பணம் போட்ட ரோபக் என்பவர் 1773-இல் நொடித்துப் போனார். அந்தக் கண்டுபிடிப்பு அத்துடன் முடங்கியிருக்கக் கூடும்.

அதைக் காப்பாற்றியவர் பர்மிங்காம் நகரத் தொழிலதிபர் மாத்யூ போல்டன். ரோபக்கின் பங்கைத் தம் வசமாக்கிக்கொண்டு, 1775-இல் வாட்டுடன் கூட்டுச் சேர்ந்தார். அதே ஆண்டில் காப்புரிமையை 1800 வரை நீட்டிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. உருளையைத் துல்லியமாகக் குடைந்து கொடுக்க ஜான் வில்கின்சன் கிடைத்தார். விலை வகுத்த முறையில்தான் பெரும் நுண்ணறிவு வெளிப்பட்டது. பழைய எந்திரத்தோடு ஒப்பிடுகையில் எவ்வளவு எரிபொருள் மிச்சமாகிறதோ, அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தந்தால் போதும் என்றனர். இலாபம் கண்ட பின்னரே பங்கு தரவேண்டும் என்பதால் சுரங்க உரிமையாளர்களின் தயக்கம் குறைந்தது. நுட்பம், முதல், சந்தை ஆகிய மூன்றும் கூடின. சட்டம் அவற்றுக்கு வேலியாக நின்றது.

இனி நம் ஆற்றங்கரைக்கு வருவோம். நீர்விசையால் நூல் நூற்கும் பொறிக்கு இங்கிலாந்தில் ஆர்க்ரைட் காப்புரிமை பெற்றதும் அதே 1769-ஆம் ஆண்டில்தான். கிராம்ஃபோர்டு என்னும் ஊரில் 1771-இல் அவர் தொடங்கிய ஆலையே பிற ஆலைகளுக்கு முன்மாதிரி ஆயிற்று. நூறாண்டுகளுக்கும் மேல் கடந்தபின், 1880-களில், ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்னும் ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் பாபநாசத்து அருவியின் விசையைக் கொண்டு நூற்பாலை நிறுவினர். அவர்கள் நூற்பு எந்திரத்தைக் கண்டுபிடித்தவர்கள் அல்லர். கரிசல் காட்டில் பருத்தி விளைகிறது. பொதிகை மலையடியில் நீர் விழுகிறது. தூத்துக்குடியில் துறைமுகம் இருக்கிறது. இந்த மூன்றும் தலைமுறை தலைமுறையாக நம் முன்னோர் கண்முன் இருந்தவைதாம். அவற்றை ஒரே கணக்கில் சேர்த்துப் பார்த்தவர்கள் ஹார்வி சகோதரர்கள். பின்னர்த் தூத்துக்குடியில் கோரல் மில்லும் மதுரையில் மதுரா மில்லும் எழுந்தன. பருத்தியும் நீரும் உழைப்பும் நம் மண்ணுடையவை, உரிமை அவர்களுடையது.

இதற்கு நேர்மாறான நிலையைச் சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையில் காண்கிறோம். அங்கே நுட்பம் முழுவதும் நம்மவருடையது. ஆற்றங்கரையில் விளையும் கோரையை அறுத்து, கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூலைப் பாவாக இட்டு நெய்கின்றனர். பட்டுப்பாய் என்னும் உயர்ந்த வகை, துணியைப் போல மடிக்கத்தக்க மென்மை உடையது. ஒன்றை நெய்து முடிக்க வாரங்கள் பல ஆகும். திருமண வீடுகளுக்கு மணமக்களின் பெயர்களைப் பாயிலேயே நெய்து கொடுக்கும் வழக்கமும் உண்டு. இத்தொழிலைத் தலைமுறைகளாகக் காத்து வருபவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்தினர். தறியில் அமர்பவர்களுள் பலர் பெண்கள். 1953-இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் பரிசாகச் சென்றது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு.

இத்தனை புகழிருந்தும் பத்தமடையிலிருந்து ஒரு போல்டன் எழவில்லை. கோரையை எந்த நீரில் எத்தனை நாள் ஊறவைப்பது என்பது நெசவாளருக்குத் தெரியும். அப்பாயைத் தொலைநகரத்தில் யார், என்ன விலைக்கு வாங்குகிறார் என்பது இடையில் நிற்கும் வணிகருக்குத் தெரியும். வாரக்கணக்கில் நெய்பவருக்கு அதுவரை குடும்பம் நடத்தக் கைப்பணம் வேண்டும்; அந்த முதல் பிறரிடம் இருப்பதால் விலை சொல்லும் உரிமையும் அவரிடமே சென்றுவிடுகிறது. மலிவான நெகிழிப் பாய்கள் கடைகளில் குவிந்தபோது, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குவோரிடம் எடுத்துச் சொல்ல நெசவாளர் சார்பில் வலிமையான அமைப்பு இல்லை. கூட்டுறவு முயற்சிகள் நடந்துள்ளன. அவை இன்னும் பெருக வேண்டும். கைத்திறனைக் காத்தோம், வணிகத்தைக் காக்கத் தவறினோம்.

முதலும் திறனும் வெவ்வேறு இடங்களில் இருப்பது புதிய சிக்கலன்று. அதற்குரிய வழியை நம் மார்க்க நூல்கள் நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றன. ஒருவர் முதல் தர, மற்றவர் உழைப்பும் அறிவும் தந்து, இலாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பகிர்வது முளாரபா. நட்டம் நேர்ந்தால் முதல் தந்தவர் பணத்தை இழப்பார். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். இருவரும் முதல் இட்டுக் கூட்டாகத் தொழில் செய்வது முஷாரகா. கதீஜா (ரலி) அவர்களின் பொருளை எடுத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டுக்கு வணிகம் சென்ற வரலாற்றை நம் மத்ரஸாவின் சிறு பிள்ளைகளும் அறிவர். ஒருவரின் பொருளும் மற்றவரின் நாணயமும் சேர்ந்ததே அந்த வணிகம்.

கூட்டு முதலின் ஆற்றலை நம் மாவட்டம் 1906-இல் கண்டது. வாட்டின் நீராவி அதற்குள் கப்பலில் ஏறியிருந்தது. வில்லியம் மக்கின்னன் 1856-இல் தொடங்கிய கப்பல் நிறுவனம், அரசின் அஞ்சல் ஒப்பந்தங்களைத் துணையாகக் கொண்டு, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியாக வளர்ந்து தூத்துக்குடி – கொழும்பு வழியில் ஆதிக்கம் செலுத்தியது. அதை எதிர்த்து வழக்கறிஞர் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாய் கொடுத்து 8,000 பங்குகளை வாங்கினார். மொத்த மூலதனத்தில் இது ஐந்தில் ஒரு பங்கு என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே பங்கேட்டில் பெயர் எழுதிய வரலாறு அது.

1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. ஆங்கில நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. பின்னர்ப் பணமே இல்லாமல் ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது. ஆழ்ந்த பணப்பை உடையவர் சில காலம் நட்டத்தைத் தாங்குவார். புதியவரால் அது இயலாது. ஹார்விகளின் கோரல் மில் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி இறுதியில் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. அவர்கள் பக்கம் நின்றார்; கூலி உயர்வு கிடைத்தது. மார்ச் 12-ஆம் நாள் அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1911-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. போட்டி நிறுவனமே காலியாவை வாங்கிக்கொண்டது. வாட்டுக்கு வேலியாக நின்ற அரசு, சிதம்பரனாருக்கு எதிர்வழக்காடியாக நின்றது.

இம்மூன்று ஊர்களையும் சேர்த்துப் பார்க்கும்போது நாம் கற்கவேண்டியது தெளிவாகிறது. ஒரு நுட்பத்தின் பலன், அதற்கு முதலும் சந்தையும் சேர்த்தவர் கையில் தங்குகிறது. சிதம்பரனாரை வீழ்த்தியது போன்ற அந்நிய அரசு இன்று நம்மீது இல்லை. காப்புரிமையும் புவிசார் குறியீடும் சட்டத்தின் துணையோடு இருக்கின்றன. ஆயினும் நம் இளைஞர்களுள் பலர் தாம் கற்ற கைவேலையை வளைகுடா நாடுகளுக்குக் கொண்டுபோய் மாதச் சம்பளத்துக்கு விற்கின்றனர். அவர்கள் ஈட்டும் பொருள் ஊரில் வீடாகவும் நிலமாகவும் நகையாகவும் முடங்கிவிடுகிறது. அருகிலேயே தறி இருக்கிறது, திறன் இருக்கிறது. முதல்தான் அங்கே செல்வதில்லை.

ஊருக்குப் பத்துப் பேர் சேர்ந்து, எழுத்து மூலமான உடன்படிக்கையோடு, நெய்பவரையும் பங்காளியாக்கி ஒரு தொழில் தொடங்கலாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு திருக்குர்ஆன் பணிப்பதை நாம் வகுப்பில் ஓதிக்கொடுக்கிறோம். அத்துடன் கணக்கேடு எழுதவும், அடக்கவிலை கணக்கிடவும், கூட்டு உடன்படிக்கை வரையவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது மத்ரஸாக்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் இயலாத காரியமன்று. பட்டுப்பாய் நெய்யும் தாயின் மகள், அப்பாயின் விலையைத் தானே எழுதும் நாள் வர வேண்டும். அதற்குரிய முதலை நம் ஊர்களிலேயே திரட்ட இயலும்.