அமெரிக்காவின் கடல்கடந்த ஆதிக்கம் (1867–1903)

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தன் கண்டத்துக்குள்ளேயே மேற்கு நோக்கி விரிந்துவந்த ஐக்கிய அமெரிக்கா, அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில் பசிபிக் பெருங்கடலிலும் கரீபியன் கடலிலும் காலனிகளை ஆளும் நாடாக மாறியது. ஹவாய், குவாம், பிலிப்பீன்ஸ், புவேர்ட்டோ ரிக்கோ, சமோவாவின் கிழக்குத் தீவுகள் ஆகியவை 1898க்கும் 1900க்கும் இடையில் அதன் வசமாயின. ஸ்பெயினுடன் மூண்ட போரின் எதிர்பாராத விளைவு இது என்று எழுதுவோர் உண்டு. அந்த விளக்கம் பொருந்தாது. போருக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கப்பலும் நிலக்கரியும் சர்க்கரையும் இதற்கு வழி வகுத்திருந்தன. தீவு மக்களின் எதிர்ப்பும் மறைவானதல்ல. ஹவாய் மக்கள் அதைக் கையெழுத்திட்டுத் தெரிவித்தார்கள். பிலிப்பீன்ஸ் மக்கள் ஆயுதம் ஏந்தித் தெரிவித்தார்கள்.

தொடக்கம்

1867இல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்கிய அமெரிக்கா, அதே ஆண்டு பசிபிக்கின் நடுவிலுள்ள மிட்வே தீவையும் எடுத்துக்கொண்டது. கரீபியன் நாடான சாண்டோ டொமிங்கோவை இணைக்க அதிபர் கிராண்ட் செய்த முயற்சி 1870இல் செனட்டில் தோற்றது. 1878இல் சமோவாவின் பேகோ பேகோ துறைமுகத்தில் கடற்படைத் தளம் அமைக்கும் உரிமை கிடைத்தது.

பாய்மரக் கப்பல்கள் நீராவிக்கு மாறியபின், வழிநெடுக நிலக்கரி நிரப்ப இடமில்லாத கடற்படை தன் கரையை விட்டு வெகுதூரம் போக முடியாது. கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் தேயர் மஹன் 1890இல் வெளியிட்ட கடலாதிக்க வரலாறு, வணிகமும் போர்க்கப்பலும் தளமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்று வாதிட்டது. 1893இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின், ஆலைப் பொருள்களுக்கு வெளிநாட்டுச் சந்தை வேண்டும் என்ற குரலும் வலுத்தது. இதற்கிடையில், 1883இல் நாடாளுமன்றம் அனுமதித்த எஃகுக் கப்பல்கள் கடலில் இறங்கியிருந்தன. அவற்றுள் ஒன்றான பாஸ்டன், இக்கட்டுரையில் இருமுறை வருகிறது.

ஹவாய்

ஹவாய் அப்போது உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட சுதந்திர முடியாட்சி. 1875இன் வணிக ஒப்பந்தப்படி அதன் சர்க்கரை வரியின்றி அமெரிக்காவுக்குள் நுழைந்தது. கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றின் உடைமையாளர்களில் பலர் அமெரிக்க மதபோதகர் குடும்பங்களில் வந்தவர்கள். 1887இல் அவர்களது ஆயுதப் படை மன்னர் கலாகவுவை மிரட்டி, புதிய அரசமைப்பில் கையெழுத்திட வைத்தது. சொத்து அடிப்படையிலான வாக்குரிமை, மண்ணின் மக்களில் பெரும்பாலோரை மேலவைத் தேர்தலிலிருந்து விலக்கியது. அதே ஆண்டு பேர்ல் துறைமுகத்தைத் தனியுரிமையுடன் பயன்படுத்தும் வாய்ப்பு அமெரிக்காவுக்குக் கிடைத்தது.

1890இன் அமெரிக்கச் சுங்கச் சட்டம் எல்லா நாட்டுக் கச்சாச் சர்க்கரைக்கும் வரியை நீக்கி, உள்நாட்டு உற்பத்திக்குப் பவுண்டுக்கு 2 சென்ட் மானியம் தந்தது. ஹவாய்த் தோட்டங்களின் சலுகை ஒரே நாளில் மதிப்பிழந்தது. அமெரிக்காவோடு இணைந்துவிட்டால் மானியம் தங்களுக்கும் வரும் என்ற கணக்கு அப்போதே எழுந்தது.

1893 ஜனவரியில் அரசி லிலியுவோகலானி முடியாட்சியின் அதிகாரத்தை மீட்கும் புதிய அரசமைப்பை அறிவிக்க முற்பட்டார். 16ஆம் தேதி, அமெரிக்கத் தூதர் ஜான் ஸ்டீவன்ஸின் ஏற்பாட்டில், ஹோனலூலு துறைமுகத்தில் நின்ற பாஸ்டன் கப்பலிலிருந்து 160க்கும் மேற்பட்ட படைவீரர்கள் கரையிறங்கினர். மறுநாள் தோட்ட, வணிக வட்டாரத்தினர் தற்காலிக அரசை அறிவித்ததும் ஸ்டீவன்ஸ் அதை ஏற்றுக்கொண்டார். ரத்தம் சிந்துவதைத் தவிர்க்கவே அமெரிக்க அரசிடம் விட்டுக்கொடுப்பதாக எழுதி, எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு அரசி விலகினார்.

அதிபர் குரோவர் கிளீவ்லாந்து, தற்காலிக அரசுடன் செய்யப்பட்ட இணைப்பு உடன்படிக்கையைத் திரும்பப் பெற்று, விசாரணை நடத்தி, நடந்தது தவறு என்று நாடாளுமன்றத்துக்கே தெரிவித்தார். ஆனால் அரியணையை மீட்டுத் தரவில்லை. கவிழ்த்தவர்கள் 1894இல் குடியரசு அமைத்தனர். சான்ஃபோர்ட் டோல் அதன் அதிபரானார். அடுத்த ஆண்டு எழுந்த கிளர்ச்சி தோற்றதும் அரசி தன் அரண்மனையிலேயே சிறை வைக்கப்பட்டார்.

அடுத்த அதிபர் வில்லியம் மெக்கின்லி 1897இல் புதிய இணைப்பு உடன்படிக்கையை செனட்டுக்கு அனுப்பினார். அதை எதிர்த்து ஹவாய் தேசப்பற்றுச் சங்கங்கள் தீவு தீவாகச் சென்று மனுவில் கையெழுத்து வாங்கின. ஆண்களும் பெண்களும் தனித்தனித் தாள்களில் பெயரும் வயதும் ஊரும் எழுதினர். 556 பக்கங்களில் 21,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அன்றைய ஹவாய்ப் பூர்வகுடிகளின் தொகை 40,000 அளவே என்பதை வைத்துப் பார்த்தால், இதைவிடத் தெளிவான மறுப்பு இருக்க முடியாது. நால்வர் குழு மனுவை வாஷிங்டனுக்குக் கொண்டு சேர்த்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு திரளாமல் உடன்படிக்கை தேங்கிப்போனது.

அதன்பின் வழியே மாற்றப்பட்டது. ஸ்பெயினுடன் போர் நடந்துகொண்டிருந்தபோது, சாதாரணப் பெரும்பான்மையே போதுமான கூட்டுத் தீர்மானமாக இணைப்பு கொண்டுவரப்பட்டது. கீழவையில் 209–91, செனட்டில் 42–21 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. 1898 ஜூலை 7 அன்று மெக்கின்லி கையெழுத்திட்டார். மனு அளித்தவர்களிடம் யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

1898

கியூபாவில் 1895 முதல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போர் நடந்துவந்தது. அதன் சிந்தனைத் தலைவர் ஜோசே மார்த்தி தொடக்கத்திலேயே போர்க்களத்தில் இறந்தார். ஸ்பானியத் தளபதி வெய்லர் கிராம மக்களைக் காவல் முகாம்களில் அடைத்ததில் பசியாலும் நோயாலும் பெருந்திரளானோர் மாண்டனர். 1898 பிப்ரவரி 15 அன்று ஹவானா துறைமுகத்தில் அமெரிக்காவின் மேன் கப்பல் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏப்ரலில் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது.

முதல் பெருஞ்சண்டை நடந்த இடம், ஸ்பெயின் ஆண்டுவந்த பிலிப்பீன்ஸின் மணிலா விரிகுடா. பிரிட்டன் நடுநிலை அறிவித்ததால் ஹாங்காங்கை விட்டு வெளியேற வேண்டியிருந்த அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஜார்ஜ் டியூயி, முன்கூட்டியே ஒரு நிலக்கரிக் கப்பலை விலைக்கு வாங்கி உடன் வைத்திருந்தார். மே 1 காலையில் அவரது அணி ஸ்பானியக் கப்பல்களை அழித்தது. ஹோனலூலுவில் படை இறக்கிய பாஸ்டனும் அந்த அணியில் இருந்தது. ஆகஸ்டில் சண்டை நின்றது. டிசம்பர் 10 அன்று பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி, 2 கோடி டாலர் பெற்றுக்கொண்டு பிலிப்பீன்ஸை ஸ்பெயின் விட்டுக்கொடுத்தது. புவேர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அத்துடன் சேர்ந்தன. பிலிப்பீன்ஸ் தூதர் ஃபெலிப்பே அகோன்சில்யோவுக்கு அந்தப் பேச்சுவார்த்தையில் இடமில்லை.

பிலிப்பீன்ஸ்

விற்கப்பட்ட நாடு ஏற்கெனவே தன்னை விடுதலை நாடாக அறிவித்திருந்தது. விடுதலைப் போராட்டத் தலைவர் எமிலியோ அகினால்டோ 1898 ஜூன் 12 அன்று கவிட் நகரில் சுதந்திரம் அறிவித்தார். 1899 ஜனவரியில் மலோலோஸ் நகரில் அரசமைப்புடன் குடியரசு தொடங்கியது. பிப்ரவரி 4 இரவு மணிலா எல்லையில் அமெரிக்கக் காவலர்கள் சுட்டதில் போர் வெடித்தது. இரண்டே நாளில் செனட் 57–27 என்ற வாக்கில் பாரிஸ் உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தது. தேவைக்கு மேல் இருந்தது ஒரே ஒரு வாக்கு.

நேருக்கு நேர் போரில் தோற்ற பிலிப்பினோக்கள் கெரில்லாச் சண்டைக்கு மாறினர். 1901 மார்ச்சில் போலிக் கடிதங்களை அனுப்பி ஏமாற்றி, அமெரிக்க ஜெனரல் ஃபிரடெரிக் ஃபன்ஸ்டன் அகினால்டோவைப் பிடித்தார். செப்டம்பரில் சமார் தீவின் பலங்கிகா ஊரில் திடீர்த் தாக்குதலில் 48 அமெரிக்க வீரர்கள் இறந்தனர். பழிவாங்கலாக ஜெனரல் ஜேக்கப் ஸ்மித் அத்தீவைப் பாழ்நிலமாக்க உத்தரவிட்டார். அதற்காகப் பின்னர் ராணுவ விசாரணையைச் சந்தித்து ஓய்வில் அனுப்பப்பட்டார். பட்டாங்காஸ் மாகாணத்தில் மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். கியூபாவில் எந்தக் கொடுமையைக் காட்டிப் போர் தொடங்கப்பட்டதோ, அதே முறை. கைதிகளின் வாயில் நீரைத் திணித்து வதைத்தது குறித்து 1902இல் செனட் குழு முன் வீரர்களே சாட்சி சொன்னார்கள்.

இப்போரில் சுமார் 4,200 அமெரிக்கரும் 20,000 பிலிப்பினோப் போராளிகளும் இறந்தனர். வன்முறை, பஞ்சம், காலரா ஆகியவற்றுக்குப் பலியான பொதுமக்கள் 2 லட்சம் வரை எனக் கணக்கிடப்படுகிறது. அமெரிக்காவுக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. 1898இல் பாஸ்டன் நகரில் உருவான ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தை எழுத்தாளர் மார்க் டுவெய்னும் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியும் ஆதரித்தனர்.

சட்டநிலை

இந்தத் தீவுகளுக்கு அமெரிக்க அரசமைப்பு முழுமையாகப் பொருந்துமா என்ற கேள்வியை, புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த ஆரஞ்சுப் பழங்களுக்கு விதித்த சுங்கவரி வழக்கு எழுப்பியது. 1901இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற பிரிவில், அத்தீவு அமெரிக்காவுக்கு உரியது, ஆனால் எல்லா விதத்திலும் அதன் பகுதியல்ல என்ற நிலைப்பாட்டை எடுத்தது.

ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட கியூபாவின் அரசமைப்பில் அமெரிக்கா தலையிடும் உரிமை 1901இல் திணிக்கப்பட்டது. 1934இல் அது நீங்கிய பின்னும், 1903இல் குத்தகைக்கு எடுத்த குவாண்டநாமோ தளம் அமெரிக்காவிடமே உள்ளது. பிலிப்பீன்ஸ் 1946இல் விடுதலை பெற்றது. ஹவாய் 1959இல் மாநிலமானது. முடியாட்சியைக் கவிழ்த்ததில் அமெரிக்காவுக்கு இருந்த பங்குக்காக 1993இல் நாடாளுமன்றம் மன்னிப்புக் கோரியது. புவேர்ட்டோ ரிக்கோவிலும் குவாமிலும் வாழ்வோர் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் அதிபர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. 1901இன் தீர்ப்பு இன்னும் ரத்தாகவில்லை.