ஒழுங்கற்ற புரதங்களின் நிலைப்பிரிகை மாதிரியாக்கம்

ஒழுங்கற்ற புரதங்களின் நிலைப்பிரிகை மாதிரியாக்கம் என்பது, நிலையான முப்பரிமாண மடிப்பு இல்லாத புரதங்கள் கரைசலிலிருந்து செறிவுமிக்க துளிகளாகப் பிரிவதைக் கணினியின் துணையுடன் ஆராயும் துறை ஆகும். எண்ணெய் நீரிலிருந்து பிரிவது நிலைப்பிரிகைக்கு எளிய எடுத்துக்காட்டு.

பின்னணி

உயிரணுவில் சவ்வு சூழாத உறுப்புகள் பல உள்ளன. 2009 ஆம் ஆண்டில் கிளிஃபர்ட் பிராங்வின், அந்தோணி ஹைமன் முதலானோர், ஓர் உருளைப்புழுவின் முளையத்திலுள்ள பி-குறுமணிகள் நீர்மத் துளிகளைப் போல ஒன்றிணைவதைக் காட்டினர். எஃப்யூஎஸ் என்னும் புரதத்தின் துளிகள் காலப்போக்கில் இறுகித் திண்மமாவதும், இயக்க நரம்பணு நோயாளிகளிடம் காணப்படும் ஒரு மரபுத்திரிபு இதனை விரைவுபடுத்துவதும் 2015 இல் அறியப்பட்டன. எனவே, அமினோ அமில வரிசையில் ஏற்படும் மாற்றம் துளியை எவ்வாறு பாதிக்கும் என்பது மருத்துவ நோக்கிலும் முக்கியமான வினாவாகும்.

மாதிரிகள்

1940களில் உருவான ஃபுளோரி-ஹகின்சு கோட்பாடு, கலத்தலால் கூடும் சிதறத்திற்கும் மூலக்கூறுகளிடையேயான ஈர்ப்பிற்கும் உள்ள போட்டியால் நிலைப்பிரிகையை விளக்குகிறது. ஆனால் அதன் அடிப்படை வடிவம் அமினோ அமிலங்களின் வரிசையைக் கருத்தில் கொள்வதில்லை.

அணுக்கள் அனைத்தையும் நீருடன் சேர்த்துக் கணிப்பின் கணக்கீடு மிகப் பெரிதாகும். ஆகவே ஒவ்வோர் அமினோ அமிலமும் ஒரே மணியாகக் கொள்ளப்பட்டு, புரதம் மணிமாலையாக உருவகிக்கப்படுகிறது. மணிகளின் மின்னூட்டமும் ஒட்டும் தன்மையும் விசைகளைத் தீர்மானிக்கின்றன. 2018 இல் ஜீதைன் மிட்டல் குழுவினர் வெளியிட்ட மாதிரி இவ்வகையினது. 2021 இல் வெளிவந்த கால்வடோஸ் மாதிரியில் ஒட்டும் தன்மையின் அளவுகள் ஆய்வகத் தரவுகளுக்கு ஏற்பச் சீரமைக்கப்பட்டன.

செய்முறை

பல புரதச் சங்கிலிகள் நீண்ட பெட்டியொன்றில் பலகை வடிவில் அடுக்கப்பட்டு, அவற்றின் இயக்கம் கணிக்கப்படுகிறது. சமநிலையில் பலகையின் உள்ளும் வெளியும் உள்ள செறிவுகள் அளக்கப்படுகின்றன. பல வெப்பநிலைகளில் இதனைச் செய்து நிலை வரைபடம் வரையப்படுகிறது. இரு செறிவுகளும் ஒன்றாகிவிடும் வெப்பநிலை மாறுநிலை வெப்பநிலை எனப்படும்.

வரம்புகள்

இம்மாதிரிகளில் நீர் மறைமுகமாகவே இடம்பெறுகிறது. ஒற்றை மணியால் ஐதரசன் பிணைப்பின் திசையைக் காட்ட இயலாது. இதனால் துளி தோன்றுமா என்பதைக் கணிக்க உதவும் எளிய மாதிரி, நோயுடன் தொடர்புடைய இறுகலைத் தானாகக் காட்டுவதில்லை. அதற்குக் கூடுதல் விதிகளோ நுண்ணிய மாதிரிகளோ தேவைப்படுகின்றன.