மூன்று நீதிபதிகள் – 6: ஏழாம் வருஷத்தின் கடைசி மாலை

யூதச் சட்டத்தில் பணத் தகராறு என்றால் மூன்று நீதிபதிகள். வாதி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார், பிரதிவாதி ஒருவரை. மூன்றாமவரை அந்த இருவரும் சேர்ந்து தேர்வார்கள். சென்ற வாரம் பார்த்த அந்த ஏற்பாட்டைச் செயலற்றதாக்கும் நாள் ஒன்று ஏழாண்டுக்கு ஒருமுறை வந்தது. அன்றோடு வழக்கே இல்லாமல் போய்விடும்.

ஏழாம் வருஷம் விடுதலை வருஷம். நிலத்தை உழக்கூடாது, விதைக்கக்கூடாது. அவ்வருஷத்தின் கடைசி நாள் பொழுது சாய்ந்ததும், சக யூதருக்குக் கொடுத்த கடன் ரத்தாகிவிடும். கையில் பத்திரம் இருந்தாலும் கேட்க முடியாது.

இத்தனைக்கும் வட்டி வாங்கவும் தடை. கொடுப்பவருக்கு லாபம் எதுவுமில்லை. முதலும் போகும் என்றால் யார் கொடுப்பார்கள்? அறுவடை இல்லாத வருஷத்தில்தான் ஏழைக்குக் கடன் அதிகம் தேவை. அப்போதுதான் கதவுகள் சாத்தப்பட்டன. விடுதலை வருஷம் நெருங்குகிறதே என்று எண்ணி ஏழைக்குக் கைவிரிக்காதே என உபாகமம் 15ஆம் அதிகாரம் கண்டித்தும் பலனில்லை. ஏழையைக் காக்க வந்த சட்டம் அவனையே பட்டினி போட்டது.

ஏரோது மன்னனின் காலம். ஜெருசலேமில் யூத அறிஞர்களின் தலைவராக இருந்தவர் ஹில்லெல். பாபிலோனிலிருந்து வந்தவர். தினக்கூலியில் பாதியைக் கல்விக்கூடத்தின் காவலாளிக்குக் கட்டணமாகக் கொடுத்துப் படித்தவர். கூலி கிடைக்காத ஒருநாள் கூரை ஜன்னல் மீது படுத்துப் பாடம் கேட்டு, பனியில் உறைந்துபோனார் என்று யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தால்முத் சொல்கிறது. வறுமையை அறிந்த அந்த மனிதர் முன்னால் இந்தச் சிக்கல் வந்தது.

உபாகமம் அடங்கிய வேதமான தோராவில் ஓர் எழுத்தையும் மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் கடனை விட்டுவிடு என்ற கட்டளை தனி மனிதனுக்கு இடப்பட்டது, நீதிமன்றத்துக்கு அல்ல. அந்த இடைவெளியை ஹில்லெல் பயன்படுத்தினார். கடன் கொடுத்தவர், வரவேண்டிய தொகைகளை நீதிபதிகளிடம் ஒப்படைப்பதாக ஓர் ஆவணம் எழுத வேண்டும். கீழே நீதிபதிகளோ சாட்சிகளோ கையெழுத்திடுவார்கள். கடன் இனி நீதிமன்றத்தின் பொறுப்பு. ஏழாம் வருஷம் அதைத் தொடாது. ப்ரோஸ்புல் என்பது அந்த ஆவணத்தின் பெயர்.

ஒரு நிபந்தனை உண்டு. கடனாளிக்குக் கொஞ்சமாவது நிலம் இருக்க வேண்டும். இல்லையென்றால்? கடன் கொடுத்தவரே தன் வயலில் துளியளவு இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு எழுதலாம் என்கிறது யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. அடுப்பு வைக்குமளவு இடம் போதும் என்று பின்வந்தவர்கள் இன்னும் தளர்த்தினார்கள். நிலமற்றவனுக்கும் கடன் கிடைக்க வேண்டும் என்ற தவிப்பை இதில் காண்கிறேன். பணக்காரருக்கு வளைந்துகொடுத்தார் ஹில்லெல் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கடன் ரத்தாகிவிடுமோ என்ற அச்சம் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குச் சாட்சி சாக்கடலுக்கு மேற்கே, வாடி முரப்பாத் குகையில் கிடைத்தது. நீரோவின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 55–56இல், அரமேய மொழியில் எழுதிய கடன் பத்திரம். தொகை வெறும் 20 சூஸ் வெள்ளிக்காசு. விடுதலை வருஷமே ஆனாலும் திருப்பித் தருவேன் என்று கடனாளியே அதில் ஒப்புக்கொள்கிறான்.

ஏழாம் வருஷத்தைத் தாண்டியும் கடன்கள் உயிரோடிருந்தன. அடுத்த பத்தாண்டுக்குள் நாடு கொதித்தது. கி.பி. 66இல் ரோமுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியாளர்கள் ஜெருசலேமின் மேல் நகருக்குள் புகுந்தார்கள். தலைமைக் குருவின் வீடு எரிந்தது. அரண்மனைகள் எரிந்தன. அடுத்து அவர்கள் தீப்பந்தங்களோடு ஓடியது பத்திரக் காப்பகத்துக்கு! கடன் பத்திரங்களை அழித்து ஏழைகளைத் தம் பக்கம் சேர்ப்பதே நோக்கம் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ்.

பத்திரம் இல்லை, சாட்சியும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நூறு கொடுத்தேன் என்கிறார் ஒருவர். ஐம்பதுதான் வாங்கினேன் என்கிறார் மற்றவர். இப்படி ஒரு வழக்கு வந்தால், பாதியை ஒப்புக்கொண்டவர் மீதிக்குச் சத்தியம் செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்தச் சத்தியத்துக்கு ஏன் அத்தனை பேரும் நடுங்கினார்கள்?

அடுத்த வாரம் பார்ப்போம்.