பழகிப்போன பரிசு

பரிசு கொடுத்தால் பிராணி கற்கும் என்பதை வித்தை காட்டுவோர் யாவரும் அறிவர். ஒரே பரிசைத் திரும்பத் திரும்பக் கொடுக்கையில் அதன் கற்பிக்கும் ஆற்றல் தேய்வது ஏன் என்பதை விளக்கவோ, உளநூலார்க்கு முக்கால் நூற்றாண்டு சென்றது.

1898இல் அமெரிக்கரான எட்வேட் தோண்டைக், பசித்த பூனைகளைக் கூட்டில் அடைத்து வெளியே உணவு வைத்தார். கதவைத் திறக்கும் உபாயத்தைக் கண்டுகொண்ட பூனை, முதற் சில வெற்றிகளிலே பெரிதும் விரைவுற்றது. பின்னர் எத்தனை முறை உணவு கிடைத்தும் வேகம் அதிகம் கூடவில்லை. இன்பமான விளைவு செயலைப் பதியவைக்கிறது என்றார் தோண்டைக். அங்ஙனமாயின் இருபதாவது துண்டும் முதலாவதைப் போலப் பதியவைக்க வேண்டுமல்லவா? இனி விரைய இடமில்லை என்று சமாதானம் கூறலாம்.

அச்சமாதானத்தை 1942இல் லியோ கிரெஸ்பியின் எலிகள் குலைத்தன. ஓடுபாதையின் முடிவில் 256 உணவுத் துணுக்குகள் பெற்றுப் பழகிய எலிகளுக்கு அவர் 16 மட்டும் வைத்தார். என்றும் பதினாறே பெற்றுவந்த எலிகளிலும் அவை மெதுவாக ஓடின. ஒன்றே பெற்றுவந்தவையோ, 16 கிடைத்ததும் அவற்றை முந்தின. அதே பதினாறு! கிடைத்ததை எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டே பிராணி நடக்கிறது என்பதை, பிற்காலக் கணிதம் யாவற்றிலும் தெளிவாக இந்த ஒரு பிடி இரை காட்டிவிட்டதென்றே நான் கருதுகிறேன்.

1960களின் பிற்பகுதியில் லியோன் கேமின், பரிசுக்குப் பதிலாக மின்னதிர்ச்சியைக் கொண்டு இதனைச் சோதித்தார். ஒலியின் பின் அதிர்ச்சி வருமென எலிகளைப் பழக்கினார். பின்பு ஒலியோடு ஒளியையும் சேர்த்து, அதே அதிர்ச்சியைக் கொடுத்தார். ஒளியைத் தனியே காட்டியபோது எலிகள் ஏறக்குறைய அஞ்சவேயில்லை. ஒலி முன்னரே அறிவித்துவிட்டபடியால், ஒளியைப் பற்றிக் கற்க ஏதும் எஞ்சவில்லை. 1972இல் றொபேட் றெஸ்கோர்லாவும் அலன் வாக்னரும் இதற்குச் சூத்திரம் வகுத்தனர்: வந்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ, கற்றலும் அவ்வளவே. பழகப் பழக வேறுபாடு சுருங்கும்; பரிசு குறையாதிருந்தும் பாடம் குறையும்.

இவ்வேறுபாட்டை மூளையிலே கண்டவர்களுள் முதன்மையானவர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். சுவிற்சர்லாந்திலே குரங்குகளுக்குப் பழச்சாற்றுத் துளிகளைக் கொடுத்து, டோபமைன் சுரக்கும் நரம்புக் கலங்களை அவர் அளந்தார். எதிர்பாராது வந்த துளிக்கு அவை துடித்தெழுந்தன. முன்னறிவிக்கும் குறியைக் குரங்கு கற்றபின், குறிக்கு எழுந்தன, துளிக்கு அசையவில்லை. குறி தோன்றியும் சாறு வராதபோது, அது வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்திலே கலங்களின் துடிப்பு வழமையிலும் தாழ்ந்தது.