நடராஜ முதலியார், ஆர்.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை இயக்கியவர். 1885இல் வேலூரில் பிறந்தார். சென்னையில் முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் உதிரிபாக வியாபாரம். திரைப்பட முன்னோடி பால்கேயின் புராணப் படங்களைப் பார்த்ததும் கடையில் மனம் நிற்கவில்லை. பூனாவுக்குப் போய் ஸ்டுவர்ட் ஸ்மித் என்ற ஆங்கில ஒளிப்பதிவாளரிடம் கேமராவைப் பழகிக்கொண்டார்.

புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலை பங்களாவில் இந்தியா பிலிம் கம்பெனி பிறந்தது. ஸ்டுடியோவுக்குக் கூரை மெல்லிய வெள்ளைத் துணிதான். வெயிலை அதுவே வடிகட்டித் தந்தது. பிலிம் கழுவும் கூடம் பெங்களூரில் இருந்தது. அன்றைய சென்னைச் சூட்டில் வேறு வழியில்லை. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றும் அவரே. தனி ஆட்களை வைத்துக்கொள்ளும் வழக்கமே அன்று இங்கு வந்திருக்கவில்லை.

முதல் படம் ‘கீசக வதம்’. வெளிவந்த ஆண்டு 1916, 1917, 1918 என்று நூலுக்கு நூல் மாறும். செலவு சுமார் 35,000 ரூபாய், லாபத்துக்குக் குறைவில்லை. பாரதக் கதையில் சபையோருக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பதால் ஊமைப்படம் புரியாமல் போகவில்லை. அடுத்து ‘திரௌபதி வஸ்திராபஹரணம்’ உள்ளிட்ட சில புராணப் படங்கள். ஸ்டுடியோ தீ விபத்தும் மகனின் மரணமும் அவரை 1923 வாக்கில் திரைத்தொழிலிலிருந்து விலக்கின. இன்று அவர் படங்களில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.