கிளாஸ்கோவில் வாடகையும் வட்டியும்: 1915 முதல் 2025 வரை

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வாடகை உயர்வைத் தடுத்த சட்டங்களுள் இரண்டு முக்கியமானவை: 1915இல் வந்தது ஒன்று, 2022இல் வந்தது மற்றொன்று. இரண்டையும் வாடகைக் கட்டுப்பாடு என்றே அழைத்தாலும், முன்னது வீட்டையும் அதன்மீதிருந்த கடனையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியது. பின்னது நடப்பு ஒப்பந்தத்தை மட்டுமே காத்தது. இரண்டும் வெவ்வேறு விளைவுகளைத் தந்ததற்கு இந்த வேறுபாடு முக்கியக் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

போர்க்காலச் சட்டம்

முதல் உலகப் போரின்போது கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் தளங்களிலும் ஆயுதத் தொழிற்சாலைகளிலும் வேலைக்கு ஆட்கள் குவிந்தனர். கோவன், பார்ட்டிக் பகுதிகளின் அடுக்குக் குடியிருப்புகளில் வாடகை ஏறியது. மேரி பார்பர் போன்ற பெண்கள் குடும்பங்களைத் திரட்டி, கூடுதல் வாடகையைத் தர மறுத்தனர். வீட்டைக் காலி செய்விக்க வந்த நீதிமன்ற ஊழியர்களுக்கு மாவு அபிஷேகம்தான் கிடைத்தது. 1915 நவம்பர் 17 அன்று குடியிருப்போர் 18 பேர்மீதான வழக்கு விசாரணைக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நீதிமன்றத்தின்முன் கூடினர், வழக்கு கைவிடப்பட்டது.

அவ்வாண்டு முடிவதற்குள் சட்டம் வந்தது. குறைந்த மதிப்புள்ள வீடுகளுக்கு 1914 ஆகஸ்டு வாடகையே உச்சவரம்பானது. குடி மாறினாலும் வரம்பு நீடித்தது. அடமானக் கடன் கொடுத்தவரும் வட்டியை உயர்த்த முடியவில்லை. நாளடைவில் தனியார் முதலீடு சுருங்கி, பழைய வீடுகளின் பராமரிப்பு நலிந்தது. அந்த வெற்றிடத்தை 1919க்குப் பிறகு மாநகராட்சி வீடுகள் நிரப்பின.

சந்தை திரும்புகிறது

1980ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வீடுகளைக் குடியிருப்போரே வாங்க வழிசெய்தது. 1989 முதல் புதிய தனியார் ஒப்பந்தங்களில் வாடகையைச் சந்தை தீர்மானித்தது. 1996இல் வாடகைக்கு விடுவதற்கென்றே தனி அடமானக் கடன் அறிமுகமானது. 2003இல் மாநகராட்சி தன் வீடுகளை வீட்டுவசதிச் சங்கத்திடம் ஒப்படைத்தது.

2022இன் வரம்பு

2022 செப்டம்பரில் வாடகை உயர்வு நிறுத்தப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் ஓராண்டுக்குப் பொதுவாக 3% உயர்வு அனுமதிக்கப்பட்டது. ஆனால் வீடு காலியானால், அடுத்தவரிடம் எவ்வளவும் கேட்க முடிந்தது. இதற்கிடையே இங்கிலாந்து வங்கியின் வட்டி 2021 டிசம்பர் தொடக்கத்தில் இருந்த 0.1%இலிருந்து 2023 ஆகஸ்டில் 5.25% ஆகியிருந்தது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். விலை 1,50,000 பவுண்டு, மாத வாடகை 900 பவுண்டு என்றால் செலவு கழிக்காத வருவாய் 7.2%. வட்டி மட்டும் கட்டும் கடன் ஒரு லட்சம். வட்டி 2%இலிருந்து 5.5% ஆனால் ஆண்டுச் செலவு 3,500 பவுண்டு, அதாவது மாதம் சுமார் 292 பவுண்டு கூடும். இருப்பவரிடம் 3%படி 27 பவுண்டுதான் கூட்டலாம். மீதியைப் புதிதாக வருபவர்மீது ஏற்றவே உரிமையாளர் முயல்வார். புதிதாக வருபவரின் கைக்கு வரும் சம்பளம் மாதம் 2,500 பவுண்டு என்றால், வாடகைச் சுமை 36%இலிருந்து ஏறத்தாழ 48% ஆகும்.

முடிவு

2023 நவம்பரில் கிளாஸ்கோ மாநகராட்சி வீட்டு நெருக்கடி நிலையை அறிவித்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம், வாடகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் குடி மாறும்போதும் வரம்பு பொருந்த வழிசெய்கிறது. 1915இன் ஒரு கூறு இவ்வாறு மீள்கிறது. வட்டி இன்னும் சந்தையின் கையில். முதலீடு பின்வாங்கினால் ஈடுகட்டிக் கட்டித்தர, முன்பிருந்த அளவிலான பொதுத்துறைக் கட்டுமானமும் இல்லை. இவ்விரண்டுக்கும் வழி காணாத வரம்பு, இருக்கும் குடியைக் காக்கும். வீடு தேடி அலைபவருக்கு வீடு தராது.