ஆறு ஜெயிச்சா பவுல்.. ஒன்பதும் ஜெயிச்சா வீட்டுக்கு!

எங்க லேப்ல ஒரு அமெரிக்க நண்பன். நவம்பர் கடைசி வந்தாப் போதும், ஒரே கணக்குதான். "இன்னும் ஒண்ணு ஜெயிச்சா பவுலுக்குத் தகுதி!"ன்னு குதிப்பான். இதுவரைக்கும் எத்தனைப்பா ஜெயிச்சீங்கன்னு கேட்டா, அஞ்சு. தோத்தது? ஆறு. அட ராமா, இதுக்கா இவ்வளவு பில்டப்பு? அப்படித்தான் இந்தத் தகுதி விதியோட பழைய கதையைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

(இது நம்ம கால்பந்து இல்லை மக்களே. முட்டை வடிவப் பந்தைக் கையில புடிச்சுக்கிட்டு முட்டி மோதுற அமெரிக்க ஃபுட்பால். அதுலயும் கல்லூரி அணிகள் ஆடுறது.)

சீசன் முடிஞ்சப்புறம் டிசம்பர், ஜனவரியில தனியா நடக்கிற ஆட்டங்கள்தான் பவுல். கலிஃபோர்னியாவுல பாசடினா ஊர்க்காரங்க தங்களோட ரோஜா விழாவுக்குக் கூட்டம் சேர்க்க 1902-ல் ஆரம்பிச்சு வெச்சது. மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்ட் 0. வெறுத்துப் போய் 1916 வரைக்கும் ஃபுட்பால் பக்கமே போகலை. நடுவுல ரதப் பந்தயமெல்லாம் விட்டுப் பார்த்திருக்காங்க :-) 1922-ல் கட்டின மைதானத்துக்கு 'ரோஸ் பவுல்'னு பேர் வெச்சாங்க, ஆட்டத்துக்கும் அதுவே ஒட்டிக்கிச்சு. பின்னாடியே ஆரஞ்சு, சுகர், காட்டன்னு வரிசையா வந்தாச்சு.

இன்னிக்கு விதி, 12 ஆட்டத்துல 6 ஜெயிக்கணும். ஆனா பவுல்கள் பெருகிப் போச்சு. 2015-ல் 80 இடத்துக்கு 77 அணிதான் தேறுச்சு. மீதி மூணு இடத்துக்கு, 5 ஜெயிச்சு 7 தோத்த அணிகள்ல படிப்பு விஷயத்துல நல்ல புள்ளி வெச்சிருந்தவங்களைக் கூப்பிட்டாங்க: நெப்ராஸ்கா, மினசோட்டா, சான் ஹோசே ஸ்டேட். கூத்து என்னன்னா, மூணுமே பவுல்ல ஜெயிச்சிருச்சு!

இதையே 1973-ல் வெச்சுப் பாருங்க. மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் ஒரு ஆட்டம்கூடத் தோக்காம வந்து மோதி, 10-10 டிரா. அவங்க இருந்த பிக் டென் கூட்டமைப்புல ஒரே ஒரு அணிதான், அதுவும் ரோஸ் பவுலுக்கு மட்டும்தான் போகலாம். அணி நிர்வாகிகள் ஓட்டுப் போட்டு ஒஹாயோவை அனுப்பினாங்க. தோல்வியே காணாத மிச்சிகன் வீட்டுல. அந்த விதி மாற 1975 ஆச்சு.

ஆனா என்னைத் தூங்கவிடாம பண்ணினது 1951. சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி ஆடின ஒன்பதையும் ஜெயிச்சது. அதுல இருந்து மூணு பேர் பின்னால தொழில்முறை ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனாங்க. அப்படிப்பட்ட அணிக்கு ஒரு பவுலும் கிடைக்கலை. அன்னிக்குத் தெற்கு மாநில பவுல்கள்ல எழுதி வைக்காத விதி ஒண்ணு இருந்துச்சு, தோல் நிறம். அணியில ரெண்டு கறுப்பினத்தவர், ஆலி மாட்சன், பர்ல் டோலர். அந்த ரெண்டு பேரை விட்டுட்டு வர்றதா இருந்தா வாங்கன்னு சேதி வந்ததாகவும், மொத்த அணியும் முடியாதுன்னு சொன்னதாகவும் ஆடினவங்க பின்னாடி சொல்லியிருக்காங்க. காசுத் தட்டுப்பாடு வேற. சீசன் முடிஞ்ச கையோட பல்கலைக்கழகம் ஃபுட்பாலையே இழுத்து மூடிருச்சு.

மாட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ல ஓடி ரெண்டு பதக்கம் வாங்கினார். டோலருக்கு அதே வருஷம் முழங்கால் போச்சு, ஆட்டம் முடிஞ்சது. ஆனா 1965-ல் என்.எஃப்.எல்.-ல் முதல் கறுப்பின நடுவரா திரும்பி வந்தார். 1980 ஜனவரியில சூப்பர் பவுலுக்கே நடுவர். அந்த வருஷம் அது நடந்த இடம், பாசடினா ரோஸ் பவுல் மைதானம்.